ஏழரைச் சுற்று

ஜெர்மனியில் அக்கா ஓடிய ஓட்டங்களில் ஒன்றைத் தவிர வேறெதையும் முடித்ததில்லை. அவருக்கு ஓடத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். எங்கள் பல்கலைக்கழக மெய்வல்லுனர் கழகத்தில் அவரைவிட ஒழுங்காக ஓடுபவர் யாரும் இருக்கவில்லை. ஒரு சுற்றுக்கு எண்பத்தாறு விநாடி என்று சொன்னால் எண்பத்தாறு விநாடிதான். கையில் மணிக்கூடு கட்டமாட்டார். அதனால்தான் அவரை எல்லாருக்கும் முன்னால் ஓட விட்டார்கள்.

இந்த வேலைக்கு ஜெர்மன்காரர் வைத்திருக்கும் பெயர் முயல். நீண்ட தூர ஓட்டத்தில் ஒருவர் நல்ல நேரம் எடுக்க வேண்டுமென்றால் இன்னொருவர் முன்னால் ஓடி எதிர்க்காற்றைத் தாங்க வேண்டும். வேகத்தைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பாதி தூரம் தாண்டியதும் முயல் பாதையை விட்டு வெளியே வந்து புல்லில் நின்றுவிடும். பின்னால் வந்தவர் மிச்சத்தை ஓடி முடிப்பார். கைதட்டல் அவருக்கு. முயலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்கு அக்காவை முதலில் பிடிக்கவில்லை. நான் வுப்பர்டாலில் வளர்ந்தவள். படிக்கக் கார்ல்ஸ்ரூஹேக்கு வந்தபோது பத்தொன்பது வயது. எங்கள் ஊர் முழுக்க மலை. இங்கே அரண்மனைக்குப் பின்னால் இருக்கிற காடு மேசைபோலத் தட்டை. பாதைகள் விசிறி மாதிரி நேராக விரிந்து போகும். முதல் நாள் பயிற்சியில் அக்கா என்னைப் பார்த்து, தமிழோ என்று கேட்டார். ஓம் என்றேன். எனக்குப் பின்னால் வா என்றார். நாலு கிலோமீற்றர் முன்னால் ஓடினார். ஒரு சந்தி வந்தது. கையைத் தூக்கிக் காட்டிவிட்டு இடப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். எனக்கு அந்தக் காடு தெரியாது. நேரே ஓடி, எங்கேயோ ஒரு கம்பி வேலியில் போய் முட்டி, கடைசியில் நனைந்த சப்பாத்தோடு திராம் வண்டியில் திரும்பி வந்தேன்.

அடுத்த பயிற்சியில் போய் ஏசினேன். வயதுக்கு மூத்தவர் என்று பார்க்கவில்லை. அவர் சிரித்தார். அடுத்த சந்தியில் வலப் பக்கம் திரும்பியிருந்தால் மைதானத்துக்கே வந்திருப்பாய் என்றார். அதை முதலில் சொல்லியிருக்கலாமே என்றேன். "மிச்சத்தை அவையவை தானே ஓடோணும், பிள்ளை," என்றார். ஏதோ தத்துவம் சொல்வதாக நினைத்து எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அது தத்துவம் இல்லை, அவருக்கு அதற்கு மேல் போகத் தெரியாது என்று பிறகுதான் விளங்கியது.

கழகத்தில் இருபது பேர் இருந்தோம். தமிழர் மூன்று பேர். நான், யாழ்ப்பாணத்திலிருந்து முதுகலை படிக்க வந்த அக்கா, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர். அவர் கணினி படித்தார், குண்டு எறிந்தார். ஜெர்மன்காரர் மூன்று பேர் சேர்ந்தாலே சங்கம் வைத்து, தலைவரைத் தெரிந்தெடுத்து, கூட்டக் குறிப்பு எழுதுகிறவர்கள். ஒவ்வொரு மாதமும் உடைமாற்றும் அறையில் வாங்குப் பலகைகளில் இருந்துகொண்டு கூட்டம் நடக்கும். யார் குறிப்பு எழுதுவது என்று தலைவி கேட்டால் அக்காவின் கைதான் முதலில் உயரும். முதல் பக்கம் அச்சடித்ததுபோல இருக்கும். இரண்டாம் பக்கத்தில் பேனையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விடுவார். பழைய குறிப்புப் புத்தகம் முழுக்க அப்படித்தான். தொடக்கம் அக்காவின் கையெழுத்து, முடிவு வேறு யாருடையதோ.

கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் தன்னுடைய பழைய நேரத்தை முந்தினாலும் அடுத்த பயிற்சிக்கு ஒரு கேக் சுட்டுக்கொண்டு வர வேண்டும். கடையில் வாங்கக் கூடாது. அக்கா ஓடிக் கொடுத்ததால் ஒரு கோடையில் பதினாலு கேக் வந்தது. அவர் ஒன்றும் சுட்டதில்லை. முடிக்காதவருக்கு நேரம் ஏது? ஆனால் எல்லாக் கேக்கிலும் முதல் துண்டு அவருக்குத்தான் கொடுப்பார்கள். அவர் வாங்கி, பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை என் தட்டில் வைப்பார். எனக்குக் கேக்கில் கிடக்கிற முந்திரிகை வற்றல் பிடிக்காது என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

ஒருமுறை லீவுக்கு அவரை வுப்பர்டாலுக்குக் கூட்டிப்போனேன். வந்து பத்து நிமிடத்தில் குசினிக்குள் போனார். வெங்காயம் வெட்டினார், ஒரு அடுப்பில் பருப்பை வைத்தார், மற்ற அடுப்பில் கத்தரிக்காயை வதக்கினார், ரொட்டிக்கு மா குழைத்தார். பிறகு அப்பாவோடு கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். அம்மா மூன்றையும் ஓடி ஓடிக் கவனித்தா. இரவு அம்மா என்னிடம் சொன்னா: "நல்ல பிள்ளை. ஆனால் எல்லாத்தையும் ஏத்தி வைக்குது, ஒண்டையும் இறக்கிவைக்கேல்லை."

அம்மா ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடித்ததை நாங்கள் இரண்டு வருடமாகக் கண்டுபிடிக்கவில்லை.

ஓட்டப் போட்டிகளின் முடிவுகளை இங்கே இணையத்தில் போடுவார்கள். எவ்வளவு சின்ன ஊரில் நடந்தாலும் போடுவார்கள். முயலும் பட்டியலில் இருக்கும். அதன் பெயருக்கு நேரே நேரம் இருக்க வேண்டிய இடத்தில், ஓட்டத்தைக் கைவிட்டார் என்று ஒரு சின்னச் சொல் இருக்கும். அக்காவின் தம்பி யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒருநாள் அக்காவின் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறான். பதினொரு போட்டி. பதினொன்றிலும் கைவிட்டார். மொழிபெயர்த்துத் தங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டான்.

அவரின் அம்மா தொலைபேசி எடுத்தபோது நான் அக்காவின் அறையில் இருந்தேன். சத்தம் வெளியே கேட்டது. "எடியே, நீ சாப்பிடுறேல்லையோ? பதினொரு தரம் விழுந்திருக்கிறாயாம்." அக்கா விளங்கப்படுத்தினார். அம்மா, நான் விழவில்லை, அதுதான் என்னுடைய வேலை, பாதியில் நிற்பதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றார். பாதியில் நிற்பதற்கு யாராவது ஆளைக் கூப்பிடுவார்களா, வெள்ளைக்காரர் உன்னை ஏமாற்றுகிறார்கள் என்று அந்த மனிசி அழத் தொடங்கினா. ஒரு மாதத்தில் கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் நாலு கிலோ சத்துமாவும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் வந்து சேர்ந்தன. அந்தச் சத்துமாவைக் கழகம் முழுக்கச் சாப்பிட்டது. தலைவிக்கு அது நல்லாகப் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூர்க்காரர்தான் அக்காவைச் சீண்டுவார். ஐயாயிரம் மீற்றர் ஓட்டம் பன்னிரண்டரைச் சுற்று. அக்கா எப்போதும் மூவாயிரத்தில், அதாவது ஏழரைச் சுற்றில் நிற்பார். "அக்கா, உங்களுக்கு ஏழரை எப்பவுமே விடாது போல," என்பார்.

சிரித்தோம். ஆனால் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது.

அக்காவின் ஆய்வேடு யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றியது. தொண்ணூற்றொரு பக்கம் எழுதிவிட்டார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அந்தக் கடைசி அத்தியாயம் பாக்கியாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. விசாவை இரண்டு தடவை நீட்டியிருந்தார்கள். இனி நீட்ட முடியாது, செப்டெம்பர் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கையளிக்காவிட்டால் படிப்பு இல்லை, படிப்பு இல்லாவிட்டால் விசா இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். அவரைப் படிக்க அனுப்பக் காணியை ஈடு வைத்த குடும்பம். வெறுங்கையோடு போய் இறங்க முடியாது.

அக்கா அந்த ஒன்றரை வருடத்தில் என்ன செய்தார்? எனக்கு இயக்கவியல் பரீட்சைக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன் தானும் அதே பரீட்சைக்குப் பதிந்து, என்னைப் போல நாலு பேரைப் படிப்பித்து, பரீட்சைக்கு முந்தின நாள் தன்னுடைய பெயரை வெட்டிவிட்டு வேறு பாடத்துக்கு மாறியவர். புதிதாக வந்த மாணவர்களோடு விசா அலுவலகத்தில் டெர்மின் என்கிற சந்திப்புக்குப் போனார். அவர்களுக்காக வீட்டுக்காரரோடு சண்டை பிடித்தார். கோயம்புத்தூர்க்காரரின் ஆய்வேட்டை முதல் எழுத்திலிருந்து திருத்தினார். அவர் கொடுத்து முடித்து, வேலை கிடைத்து, இனிப்புப் பெட்டியோடு வந்து, "அக்கா, நீங்க இல்லைன்னா நான் சப்மிட்டே பண்ணியிருக்க மாட்டேன்," என்றார். அக்காவுக்கு முகம் பூரித்துப் போனது. எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி யன்னலுக்கு வெளியே எறிய வேண்டும்போல இருந்தது.

அன்றே கேட்டேன். விடுதியின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் மெசின்கள் இருக்கும். அங்கே அக்கா துவாய் மடித்துக்கொண்டிருந்தார். அதுவும் தன்னுடையது இல்லை, யாரோ மெசினுக்குள் விட்டுவிட்டுப் போனது.

"எல்லாரும் உங்களை நல்லவ எண்டு சொல்லினம். நான் சொல்லமாட்டன். உங்களுக்குப் பயம்," என்றேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் துவாயை இன்னும் ஒருமுறை மடித்தார்.

"ஓம். பயம்தான்."

பிறகு சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் அவர்தான் கெட்டிக்காரி. மாவட்டப் போட்டியில் தங்கம் நிச்சயம் என்று அதிபர் முதல் காவலாளி வரை எல்லாரும் சொன்னார்கள். ஆறாவதாக வந்தார். அவரின் அப்பா வேலைக்கு லீவு போட்டுச் சைக்கிளில் வந்து பார்த்திருக்கிறார். அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். வீட்டுப் படலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பரவாயில்லை என்றாராம். அவ்வளவுதான். அடிக்கவில்லை, ஏசவில்லை.

"அந்தப் பரவாயில்லையை இன்னொருக்காக் கேக்க என்னால ஏலாது. நடுவில நிண்டால் ஒருத்தரும் பரவாயில்லை எண்டு சொல்லமாட்டினம். விளங்குதோ?"

விளங்கியது. ஆனால் எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு சொல்லுக்குப் பயந்து காணியையும் வாழ்க்கையையும் விடுவதா? கதவை அடித்துச் சாத்திவிட்டு மேலே வந்தேன்.

ஜூன் மாதம் எனக்கு அந்த வருடத்தின் கடைசிச் சந்தர்ப்பம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போக ஐயாயிரம் மீற்றரைப் பதினெட்டு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். எனக்கு எட்டு விநாடி போதாமல் இருந்தது. கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் சனிக்கிழமை பின்னேரம் ஓட்டம். அக்கா முயல். அந்த எட்டு விநாடியை அவர் எனக்கு எடுத்துத் தருவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எண்பத்தாறு, எண்பத்தாறு, எண்பத்தாறு. தலைவி ஓரத்தில் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் வாசித்தாள். நான் அக்காவின் குதிக்காலைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். கால் நன்றாக இருந்தது, மூச்சு நன்றாக இருந்தது. அன்றைக்கு நான் ஓடியிருப்பேன். இதை யாருக்கும் நிரூபிக்க முடியாது, ஆனால் எனக்குத் தெரியும்.

ஏழாவது சுற்றில்தான் அந்த எண்ணம் வந்தது. முன்கூட்டித் திட்டம் போடவில்லை. இவர் இப்போது புல்லில் போய் நிற்பார், நான் போவேன், கேக் சுடுவேன், இவர் பாதித் துண்டு சாப்பிடுவார், செப்டெம்பரில் விமானம் ஏறுவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஏழரையில் அக்கா வழமைபோலக் கையால் எனக்கு வழி காட்டிவிட்டு வலப் பக்கம் விலகினார். நான் முந்தவில்லை. நானும் வலப் பக்கம் விலகினேன்.

திரும்பிப் பார்த்தார். போ என்று கத்தினார்.

"நீங்கள் நிண்டால் நானும் நிக்கிறன்," என்றேன்.

"விசரே உனக்கு? போடி!"

"நிக்கிறன்."

இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். தலைவி ஜெர்மன் மொழியில் என்னவோ அலறினாள். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் சும்மா சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தனக்காக என்றால் அவர் அந்த இடத்திலேயே நின்றிருப்பார். என்னுடைய நேரம் போகிறது என்பதற்காகத் திரும்பவும் உள்ளே வந்து ஓடினார்.

எட்டாவது சுற்று, அந்தச் சண்டையோடு சேர்த்து, தொண்ணூற்றெட்டு. ஒன்பதாவது தொண்ணூற்றிரண்டு. அதற்குப் பிறகு அவரிடம் ஒன்றுமில்லை. அந்தத் தூரத்தை அவரின் கால் பல வருடமாகக் கண்டதில்லை. தோள் மேலேறி, தலை ஒரு பக்கம் சரிந்து, கை எங்கெங்கேயோ போனது. அப்படியொரு அழகான ஓட்டம் அப்படி அலங்கோலமாகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்து, போ, இப்பவாவது போ என்று கையைக் காட்டினார். நான் போகவில்லை. அவருக்குப் பின்னாலேயே ஓடினேன். ஓடியது பதின்மூன்று பேர். அவர் பன்னிரண்டு. நான் பதின்மூன்று. பதினெட்டு நிமிடம் எப்போதோ போய்விட்டிருந்தது.

கோட்டைத் தாண்டியதும் அக்கா புல்லில் விழுந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். மூச்சு வந்ததும் என் காலில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அழுதுகொண்டிருந்தார்.

"உன்ர நேரத்தை நாசமாக்கிப்போட்டாய், மொக்கு. உன்ர நேரம்."

"உங்கட ஓட்டம் படு மோசம்," என்றேன். "கடைசி நாலு சுற்றும் பார்க்க ஏலாமல் கிடந்தது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. அது மோசமான ஓட்டம். மோசமென்றால் மோசமென்று சொல்ல வேண்டும்.

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பயிற்சிக்கும் வரவில்லை. தலைவி என்னைக் கூப்பிட்டு, கழகத்தின் பெயரில் ஓடுகிறவர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டாள். செய்யக் கூடாதுதான் என்றேன். அந்தப் பெரிய போட்டிக்கு நான் அதற்குப் பிறகும் தகுதி பெறவில்லை. அடுத்த வருடம் முழங்கால் போய்விட்டது. கவலை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

பத்தாம் நாள் அக்காவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கடைசி அத்தியாயம், பதினாறு பக்கம். கீழே ஒரு வரி: "வாசிச்சுப்போட்டு மோசமெண்டால் மோசமெண்டு சொல்லு."

மோசமாகத்தான் இருந்தது. பாதி வசனங்கள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை. உப்பு ஏறுகிறது என்று ஏழு இடத்தில் சொல்லியிருந்தார், அதற்கு என்ன செய்யலாம் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சிவப்பில் எழுதி அனுப்பினேன். ஒரு நல்ல சொல்லும் எழுதவில்லை. நாலு நாளில் இரண்டாவது தடவை வந்தது. அதுவும் மோசம். ஜூலை, ஓகஸ்ட் முழுக்க இதுதான் நடந்தது. ஐந்தாவது தடவை வாசித்தபோது சிவப்பு வைக்க இடம் இருக்கவில்லை. இனிக் கொடுங்கோ என்று மட்டும் எழுதினேன்.

செப்டெம்பர் இருபத்தாறாம் திகதி காலை பத்து மணிக்கு, ஆய்வேட்டைக் கையளிக்கும் பரீட்சைக் கந்தோர் வாசலில் சந்தித்தோம். மூன்று பிரதி, நீல மட்டை. அக்கா போட்டிக்குப் போடும் மெல்லிய சப்பாத்தோடு வந்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவரும் போனார். அக்கா என் பக்கம் திரும்பிப் பிரதிகள் இருந்த பையை நீட்டினார்.

"நீ குடு. நான் வெளியில நிக்கிறன்."

நான் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். எங்களுக்குப் பின்னால் ஒரு மாணவன் வந்து நின்றான். அக்கா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கோட்டுப் பையைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் ஏதாவது பேசியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போயிருப்பார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஜெர்மன் மனிசி, அடுத்தவர் என்றா. அக்கா போனார். மூன்று பிரதியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்பை நேராக்கி, கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். அந்த மனிசி கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்து, திகதி குத்தினா. பிறகு தலையை நிமிர்த்தி, எல்லாரிடமும் கேட்கிற குரலில், இவ்வளவும்தானா, முடிந்ததா என்று கேட்டா.

நாலு வருடமாக இந்த நாட்டில் எல்லாருக்காகவும் ஜெர்மன் பேசிய அக்காவுக்கு அந்த ஒரு சொல் ஜெர்மனில் வரவில்லை. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்றார் தமிழில். "முடிஞ்சுது."

அந்த மனிசிக்கு விளங்கியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு, பிரதிகளை எடுத்துத் தனக்குப் பின்னால் இருந்த தட்டில் வைத்தா.